ஃபைபர் படகின் அடியில் பழைய பெயின்ட்டை உரித்த விதம்

25 அடி ஃபைபர் படகு. நீர்க்கோட்டுக்குக் கீழே சுமார் 20 சதுர மீட்டர். வருடாவருடம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய ஆண்டிஃபவுலிங் (கடல் உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்) செதில் செதிலாக எழும்பியிருந்தது. இதன்மேல் புதுக் கோட் அடித்தால், அடியிலுள்ள பிடிப்பில்லாத அடுக்கோடு அதுவும் சேர்ந்து உதிரும்.

கரையேற்றிய அன்றே, ஈரம் காய்வதற்குள், பிரஷர் வாஷர் அடித்துவிட வேண்டும். அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடல் உயிரியான கொட்டலசு காய்ந்தால் சிமென்ட் மாதிரி: ஓடு உடைந்தாலும் வட்டமான அடிப்பாகம் விடாது. கீழே தார்ப்பாய் விரித்தோம். விழும் தூளெல்லாம் செம்பு கலந்த விஷம். மண்ணிலோ தண்ணீரிலோ கலக்கக் கூடாது. துணி முகமூடி இந்தத் தூளுக்குப் போதாது. பி100 ஃபில்டர் வைத்த ரப்பர் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம்.

கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் வாங்குமுன் டப்பாவைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தது ஜெல்கோட்டையும் (ஃபைபரின் வழவழப்பான வெளி ரெசின் அடுக்கு) சேர்த்து இளக்கிவிடும். ஃபைபர் கிளாசுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையே எடுக்க வேண்டும். ஓரடிச் சதுரங்களில் பூசி, 2, 4, 8 மணி நேரம் கழித்துச் சுரண்டிப் பார்த்தால் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது தெரியும். பூசியதும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாவிட்டால் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து இறுகும். அப்புறம் சுரண்ட இன்னொரு அடுக்கு!

பெரும்பகுதி வேலையை முடித்தது கார்பைடு சுரண்டிதான். அலகின் இரு முனைகளையும் வைர அரத்தால் மழுக்கிவிட்டு, நம் பக்கமாக இழுத்துச் சுரண்ட வேண்டும். மழுக்காத முனை ஜெல்கோட்டில் கோடு போடும். ஜெல்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு பேருக்கு ஒரு நாளில் 4 சதுர மீட்டர் முடிந்தால் நல்ல வேகம். ஹீட் கன்னோ ஆங்கிள் கிரைண்டரோ வேண்டாம். முன்னது விஷப்புகை கிளப்பும், பின்னது ஒரு நொடியில் குழி பறிக்கும்.

மிச்சத்துக்கு வாக்குவம் இணைத்த 150 மி.மீ. ஆர்பிட்டல் சாண்டரும் 80 கிரிட் உப்புத்தாளும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய எபாக்ஸி பிரைமர். உறுதியாக ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். வெள்ளை ஜெல்கோட்டில் மிஞ்சும் மங்கிய நீலக் கறையையும் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. எப்படியும் மேலே பெயின்ட் வரப்போகிறது.

தாங்குகட்டைகள் மறைக்கும் இடங்களுக்கு, யார்டு ஆட்களைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்தச் சொல்ல வேண்டும். நாமே கழற்றுவது உயிரோடு விளையாட்டு.

உரித்தபின் கொப்புளம் தெரியலாம். குத்தும்போது கண்ணாடி அணியுங்கள், உள்ளே இருக்கும் திரவம் பீய்ச்சியடிக்கும். காடி வாசனை வந்தால் ஆஸ்மோசிஸ், அதாவது ஃபைபருக்குள் தண்ணீர் ஊடுருவியிருக்கிறது. திறந்து, நன்னீரில் பலமுறை கழுவி, காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஓரடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். சில நாளில் உட்பக்கம் வியர்த்தால் இன்னும் காயவில்லை.

பிறகு தண்ணீர் ஊடுருவாமல் தடுக்கும் எபாக்ஸி பேரியர் கோட், நான்கைந்து கோட்டாக மொத்தம் 250 மைக்ரான். கடைசிக் கோட்டை விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் பெயின்ட் ஒட்டக் கூடாது. முதல் ஆண்டிஃபவுலிங் கோட் அடிக்க அதுதான் நேரம். அவுட்போர்டு மோட்டாரின் அலுமினியக் காலில் மட்டும் செம்பு கலந்த பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரித்துவிடும்.