குன்ஸும் கணவாய் வழியே சந்திரதால்: செப்டம்பர் பயணத்துக்கான திட்டம்

இந்தச் செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் ஏறி, குன்ஸும் கணவாயைத் தாண்டி, சந்திரதால் ஏரிக்கு அருகில் கூடாரமடித்துத் தங்கிவிட்டு, பாத்தல், சத்ரு என்னும் இடங்கள் வழியாக மணாலியில் இறங்குவது என்று முடிவாகியிருக்கிறது. தில்லியிலிருந்து என்னுடைய டீசல் மஹிந்திரா தார் ஜீப்பும் மைத்துனருடைய மாருதி ஜிம்னி ஜீப்பும் கிளம்புகின்றன. செய்தி வெளியே தெரிந்த நாள் முதல் நண்பர்கள் கேட்பதெல்லாம் வண்டியைப் பற்றித்தான்: என்ன டயர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் வடச் சுருள்) போட்டாயிற்றா, கூரையில் எத்தனை விளக்கு என்று. என் பார்வையில் இந்தப் பாதையின் திட்டம் வேறு இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது. எந்த இரவில் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம்? ஓடைகளை எத்தனை மணிக்குக் கடக்கப் போகிறோம்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் சாமான் பட்டியல் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

முதலில் உயரம். சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலியில் காலையில் கிளம்பி, அடல் சுரங்கப்பாதை வழியாக மாலைக்குள் சந்திரதாலை அடைந்துவிட முடியும். 2020-இல் அந்தச் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு அது இன்னும் எளிதாகிவிட்டது. ஆனால் ஏரியின் உயரம் ஏறத்தாழ 4,250 மீட்டர். ஒரே பகலில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுத்தால், தலைவலியும் குமட்டலுமாக இரவு கழிவது சாதாரணம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் நிலை வந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஆகவே நாங்கள் சுற்றுவழியான சிம்லா, கின்னௌர் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். கல்பாவில் ஓர் இரவு, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவில் ஓர் இரவு, பிறகு ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவில் இரண்டு இரவுகள் என்று ஏற்றம் படிப்படியாக வருகிறது. காஸாவில் தங்கும் பகலில் 4,400 மீட்டர் உயரத்து லாங்ஸா, ஹிக்கிம் கிராமங்களுக்கு ஏறிப் பார்த்துவிட்டுத் தூங்குவதற்குக் கீழே வந்துவிடுவோம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க எடுத்துக்கொள்ளும் டயாமாக்ஸ் மாத்திரை எல்லாருக்கும் பொருந்தாது. கிளம்பும் முன் குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதாக இருக்கிறோம். தலைவலி முற்றினால் மாத்திரையை நம்பி மேலே தங்கியிருக்காமல் கீழே இறங்குவது என்பதை மட்டும் இப்போதே பேசி முடித்துவிட்டோம், ஏனென்றால் அந்த நேரத்தில் அதை விவாதிக்கும் தெளிவு யாருக்கும் இருக்காது.

அடுத்தது தண்ணீர். பாத்தலிலிருந்து கிராம்பு என்ற இடம் வரையிலான சுமார் 50 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும், விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்தாலும், பல இடங்களில் அது ஆற்றுப்படுகையில் கிடக்கும் உருண்டைக் கற்களின் மேல் வண்டிகள் போய்ப் போய் உண்டான தடம்தான். அதன் குறுக்கே பனியாறுகளிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஓடை பொங்கும். இரவுக் குளிரில் உருகல் அடங்கி, விடியற்காலையில் மிகக் குறைவாக ஓடும். காலை ஏழு மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஓடை மாலை நான்கு மணிக்கு வண்டியைப் புரட்டிவிடக்கூடும். எனவே சந்திரதாலிலிருந்து ஐந்தரை மணிக்குள் கிளம்பி, பத்து மணிக்குள் பெரிய ஓடைகளைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் முதுகெலும்பு. காஸா பக்கமிருந்து வருவதில் இதுவும் ஒரு வசதி: முகாமிட்ட இடத்திலிருந்து அதிகாலையில் இறங்கினால் போதும். மணாலியிலிருந்து வருபவர்கள் எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் கடைசி ஓடைகளை வெயில் ஏறிய பிறகுதான் சந்திக்கிறார்கள்.

கடக்கும் முறையையும் எழுதி வைத்திருக்கிறேன். நீர் வெள்ளையாக நுரைத்துச் சிதறும் இடத்தில் கற்கள் மேலாக இருக்கின்றன என்று பொருள். கறுத்து, அலையில்லாமல் வழுக்கி ஓடும் இடம்தான் ஆழம். ஓடை குறுகும் இடம் பார்க்க எளிதாகத் தோன்றும், ஆனால் அங்கே அத்தனை நீரும் ஒரே வாய்க்காலில் இறங்குவதால் ஆழமும் வேகமும் கூடியிருக்கும். அகலமாகப் பரந்து ஓடும் இடமே நல்லது. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார், ஆனால் அது நிற்கும் நீருக்கான கணக்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஃபோர் லோ (நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் நிலை), முதல் கியர், ஒரே சீரான வேகம். நடுவில் கிளச்சை மிதிக்கக் கூடாது. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது, ஏனென்றால் உள்ளே நீர் இழுத்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதல் வண்டி அக்கரை சேரும்வரை இரண்டாவது வண்டி இக்கரையிலேயே நிற்கும், இழுப்புப் பட்டையை மாட்டித் தயாராக வைத்தபடி.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கயிற்றால் வெடுக்கென்று இழுப்பதும், நீண்டு சுருங்கும் பட்டையால் இழுப்பதும் ஒன்றல்ல. பின்னதுதான் சிக்கிய வண்டியை அடிச்சட்டம் சிதையாமல் வெளியே எடுக்கும். ஆனால் அதை டிரெய்லர் மாட்டும் குமிழில் ஒருபோதும் மாட்டக் கூடாது. பாரத்தில் குமிழ் உடைந்தால் அது பீரங்கிக் குண்டாகப் பறந்து வரும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அடிச்சட்டத்தோடு போல்ட் செய்யப்பட்ட கொக்கிகள் இரண்டு வண்டிகளிலும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து உறுதி செய்தாயிற்று. இழுக்கும்போது பட்டையின் நடுவில் ஒரு தடித்த கம்பளியைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்பார்கள். வின்ச் வாங்கவில்லை. இந்தப் பாதையில் கொக்கி மாட்ட ஒரு மரம்கூடக் கிடையாது.

டயரில் ஒரு வேடிக்கை உண்டு. தில்லியில் 32 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்துவிடும் 4,500 மீட்டர் உயரத்தில், காற்றே சேர்க்காமல் ஆறு பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். சிப்ஸ் பொட்டலங்கள் உப்பி நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே கணவாய்க்கு முந்தைய கடைசிக் கிராமமான லோசரில் நிறுத்தி, அங்கேயே அளந்து, 25-க்கு இறக்குவோம். அதற்கும் கீழே போனால் கூரான கற்களில் டயரின் பக்கச் சுவர் கிழியும், அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. கிராம்புவைத் தாண்டிக் கோக்சரில் தார்ச்சாலை வந்ததும் சிறிய கம்ப்ரஸரால் மீண்டும் ஏற்றிக்கொண்டு, நான்கு சக்கர இயக்கத்தையும் விடுவித்துவிட வேண்டும். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் எங்கள் இரு வண்டிகளிலும் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலை வளைவுகளில் அது பற்சக்கரங்களை முறுக்கும்.

“மாமா, ரெண்டு ஜெர்ரிகேன் கட்டிக்கலாமா?” என்று மைத்துனர் கேட்டார். தேவையில்லை. காஸாவில் பங்க் இருக்கிறது. அங்கிருந்து மணாலி சுமார் 200 கிலோமீட்டர், ஏரிக்குப் போய் வர இன்னும் 30-க்குள். கீழ் கியரில் மைலேஜ் பாதியானாலும் முழு டாங்க் போதும். காஸாவில் எரிபொருள் தீர்ந்திருக்கக்கூடும் என்ற பயத்துக்கு மருந்தாக ரெக்காங் பியோ அருகிலேயே ஒருமுறை நிரப்பிக்கொள்வோம். கூரையில் நாற்பது கிலோ ஏற்றிக்கொண்டு சரிவில் சாய்வாகப் போவதை நான் விரும்பவில்லை.

ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை இருக்கிறது. சந்திரதால் 2005 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது. சில கிலோமீட்டர் முன்னால் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் முகாம். செப்டம்பர் இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும் என்பதால், பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் குப்பி காலையில் சரியாக எரியாமல் போகலாம். புரோப்பேன் கலந்தது வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதோ, எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவதோ கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அந்த உயரத்தில் தண்ணீர் 86 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும், வழக்கமான நேரத்தில் இறக்கினால் நடுவில் விறைப்பாகவே நிற்கும். ஆகவே மூன்று லிட்டர் குக்கரும் அதற்கு ஓர் உபரி கேஸ்கட்டும் இழுப்புப் பட்டைக்கு நிகரான முக்கியத்துவத்தோடு பட்டியலில் ஏறியிருக்கின்றன. மனைவி புளிக்காய்ச்சல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சாட்டிலைட் தொலைபேசியை எடுத்துப் போகும்படி வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுதுவதை இங்கே பின்பற்றக் கூடாது. அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செய்தி அனுப்பும் சிறிய கருவிகளுக்கும் அதே கதிதான். அதற்குப் பதிலாக லோசர் சோதனைச் சாவடியில் பெயரைப் பதிந்து, கோக்சரை எப்போது அடைவோம் என்ற நேரத்தை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவில் 200-க்கும் மேற்பட்டோர் சந்திரதால் முகாம்களில் சிக்கி, சில நாட்களுக்குப் பிறகே மீட்கப்பட்டார்கள். ஜூலையிலேயே அப்படியென்றால் செப்டம்பர் கடைசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, இருவரும் அலுவலகத்தில் இரண்டு நாள் கூடுதல் விடுப்பு கேட்டிருக்கிறோம். லோசரில் தேநீர் குடிக்கும்போது பாத்தல் பக்கமிருந்து வரும் லாரி ஓட்டுநர்களிடம் விசாரிப்போம். வண்டிகளே வரவில்லை என்றாலோ, கணவாயில் மேகம் இறங்கியிருந்தாலோ, அங்கிருந்தே திரும்பிக் காஸா, கின்னௌர் வழியாகவே தில்லி சேர்வது என்று முடிவாகியிருக்கிறது. அந்த இரண்டு நாள் அதற்குத்தான்.