தியானத்தை விட்டு எழுந்து வந்தவர்

நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் அனுப்பிய செய்தி இரண்டே வரிதான். நம் விடுதிக் காப்பாளராகவும் மறைக்கல்வி ஆசிரியராகவும் இருந்த பிரதர் இறைவனடி சேர்ந்துவிட்டார். இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுங்கள். பலரும் எழுதுவார்கள். மூவேளைச் செபத்துக்கான மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுவாரே, அதை எழுதுவார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின மாலை, பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவுக்கு நம்மை வரிசையில் நிறுத்துவதை எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. உங்களில் சிலருக்கு அதில் பாதி தெரியும். மீதியை, அவர் இருந்தவரை, எழுத விட்டிருக்க மாட்டார்.

விடுதிக்கு வந்த முதல் ஆண்டில் எனக்குத் தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடும். பயம்தான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அன்று அதைச் சொல்ல வாயும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. காலையில் நம்மை எழுப்ப வரும் உதவியாளர் ஒருநாள் நனைந்த விரிப்பைச் சுருட்டி என் இரு கைகளிலும் வைத்து, சிற்றாலய வாசலில் நிற்கச் சொன்னார். திருப்பலிக்குப் போகும் வரிசை முழுவதும் என்னைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். சிரித்தவர்கள் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு போனவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே வலித்தது.

பிரதர் அந்நேரம் உள்ளே மற்றத் துறவியரோடு காலைத் தியானத்தில் இருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். எழுந்து வெளியே வந்தார். யாரையும் அதட்டவில்லை. விரிப்பை என் கையிலிருந்து வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டார். வெள்ளை அங்கியில் ஈரம் இறங்கியது. "வா தம்பி, வெயில் ஏறுவதற்குள் அலசிக் காயப்போடலாம்" என்றார்.

குழாயடியில் அங்கியின் கைகளை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு குனிந்தார். கழுத்துச் சிலுவை தொட்டியின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அதை எடுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். அலசி முடித்ததும் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "நான் இந்தப் பக்கம் முறுக்குகிறேன், நீ எதிர்ப்பக்கம் முறுக்கு. அப்போதுதான் தண்ணீர் இறங்கும்" என்றார். என் கைக்கு அவ்வளவு பலம் இல்லை. அவர் தம் பலத்தைக் குறைத்துக்கொண்டு எனக்கு ஈடாக முறுக்கினார்.

"உங்கள் தியானம் போய்விட்டதே, பிரதர்" என்றேன்.

"யாரிடம் பேசிக்கொண்டிருந்தேனோ அவர்தான் எழுந்து போ என்றார்."

மறுநாளிலிருந்து விடியல் மணிக்கு முன்பே என் காலை மெல்லத் தொட்டு எழுப்புவார். மணி அடிக்கும்போது விரிப்பு கொடியில் கிடக்கும். நான் மற்றவர்களோடு வரிசையில் நிற்பேன். எப்போது அது நின்றது என்று எனக்கே நினைவில்லை. நின்ற பிறகும் சில காலம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

இதோடு நிறுத்தினால் அவரைப் பாதிதான் சொன்னதாகும். சேவை செய்தால் போதும், செபம் எதற்கு என்று சொல்லும் கூட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுவார்கள். இரவு, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை முடிந்து நாம் படுக்கைக்குப் போன பின், சிற்றாலயத்தில் ஒரு விளக்கு மட்டும் எரியும். காலையில் விட்ட தியானத்தை அவர் அங்கே முடித்துக்கொண்டிருப்பார். கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறருக்காக விட்டது கடவுளுக்குச் செலுத்தியதாகிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை. அவரிடம் நான் கற்றதில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். அன்புக்குக் கணக்கு நேராவதே இல்லை. இரண்டு பக்கமும் முழுவதையும் கேட்கிறது.

பின்னாளில் அவருடைய மறைக்கல்வி வகுப்பில் புனித வின்சென்ட் தே பவுல் பற்றிக் கேட்டபோதுதான் அந்தக் காலை எனக்குப் புரிந்தது. 1633இல் லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியவர் அவர். செப நேரத்தில் ஓர் ஏழை கதவைத் தட்டினால் செபத்தை விட்டுவிட்டுப் போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டு வருவது என்று அந்தச் சகோதரிகளுக்குச் சொல்லியிருக்கிறார். பிரதர் இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருந்ததற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பத்துக் கட்டளைகளும் இரண்டில் அடங்கும் என்பதை நாமெல்லாம் ராகம் போட்டு ஒப்பித்தவர்கள். பிரதர் அதை ஒப்பிக்க விட்டுவிட்டு, விவிலியத்தைத் திறக்கச் சொல்வார். முழு இதயத்தோடு ஆண்டவரை அன்பு செய்யும் கட்டளை இணைச்சட்டம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அயலாரை அன்பு செய்யும் கட்டளை லேவியர் 19ஆம் அதிகாரத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் இயேசு. "அந்த லேவியர் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்" என்பார். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. காது கேளாதவரைச் சபிக்காதே, பார்வையற்றவர் முன் தடைக்கல் வைக்காதே. இவற்றையெல்லாம் கடந்துதான் அந்த வசனம் வருகிறது. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வசனத்தை மட்டும் பாடக்கூடாது என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும்.

நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன குருவையும் லேவியரையும் திட்டுவதிலேயே நாமெல்லாம் வகுப்பை முடித்துவிடுவோம். அவர் வேறோர் இடத்தில் நிறுத்துவார். சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டு போனான், மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியக் காசு கொடுத்தான். "அப்படியானால் இடையில் ஓர் இரவு இருக்கிறதே? அந்த இரவில் அவன் எங்கே இருந்தான்?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டோம். காயப்பட்டவன் முனகியிருப்பான், தண்ணீர் கேட்டிருப்பான், கட்டு நனைந்திருக்கும். நற்செய்தியாளர் லூக்கா எழுதாமல் விட்ட அந்த இரவுதான் பிறரன்பு என்று சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் எதுவும் தராமல் போய்விட்டார்.

என்னை வாசலில் நிறுத்திய அந்த உதவியாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு அவர் கடும் காய்ச்சலில் படுத்தார். பகலில் பள்ளி, இரவில் அவர் அறை என்று பிரதர் இருந்தார். ஒரு மாலை, இரு கைகளிலும் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நடைவழியில் வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். என் முகத்தில் இருந்ததைப் படித்திருப்பார். "நீ உள்ளே வர வேண்டாம், தம்பி. எனக்காகக் கதவைத் திறந்து பிடி, போதும்" என்றார். பிடித்தேன். அவரை மன்னித்துவிடு என்று பிரதர் சொல்லியிருந்தால் சொல்லுக்காக மன்னித்திருப்பேன், உள்ளுக்குள் எதுவும் மாறியிருக்காது. தாங்கக்கூடிய அளவைத்தான் கேட்டார். சில நாள் கழித்து நானே பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். படுத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் மடத்து வாழ்க்கையைப் பிரதர் ஏன் அத்தனை முறை சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தமக்கு இயல்பாகவே பிடிக்காத ஒரு சகோதரியைக் காணும்போதெல்லாம் தெரேசா புன்னகை செய்வார். தம்மிடம் எதைக் கண்டு இவ்வளவு விரும்புகிறீர்கள் என்று அந்தச் சகோதரியே கேட்டுவிட்டாராம். 24 வயதில், 1897இல் இறந்துபோன தெரேசா நாட்டுக்கு நாடு நடந்து பணி செய்யவில்லை. ஒரே மடத்தில், தினமும் பார்க்கும் அதே முகங்களிடம் செய்தார். தூரத்தில் இருப்பவர்மேல் அன்பாக இருப்பது எளிது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்தான் சிரமம்.

கடல் கடந்து வந்த பிறகு பிரதருக்கு எழுதினேன். அவருடைய பதில்கள் சிறியவை. திருப்பலிக்குப் போகிறாயா என்று முதல் வரி. உன் அடுத்த வீட்டுக்காரர் பெயர் என்ன என்று இரண்டாவது வரி. முதல் கேள்விக்கு உடனே பதில் எழுத முடிந்தது. இரண்டாவதற்காக நான் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அங்கே ஒரு முதியவர் தனியாக இருந்தார், வேறு மொழி, வேறு சமயம். பெயரை எழுதி அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் அந்தப் பெயரைச் சொல்லி நலம் விசாரித்திருந்தார். அந்த முதியவர் இறந்தபோது பிரதர் அவருக்காகச் செபித்துவிட்டு, அந்த வீட்டுக்கு இப்போது வந்திருப்பவர் யார் என்று கேட்டு எழுதினார்.

இங்கே எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில், பத்துக் கட்டளைகளுக்கான பகுதி இரண்டே அதிகாரங்களாக, இந்த இரண்டு அன்புக் கட்டளைகளையே தலைப்பாகக் கொண்டு அமைந்திருப்பதைக் கண்டபோது முதலில் அவருக்குத்தான் எழுதத் தோன்றியது. எழுதினேன். "நல்லது. அடுத்த வீட்டில் யார்?" என்று பதில் வந்தது.

கடைசி ஆண்டுகளில் அவர் படுக்கையில் இருந்தார் என்று இப்போதுதான் முழுமையாகக் கேள்விப்படுகிறேன். கடிதங்கள் நின்றதற்கு முதுமைதான் காரணம் என்று எண்ணியிருந்தோம். அவர் வளர்த்த நாம் பெரும்பாலும் விமானம் ஏறிவிட்டோம். அதற்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை அவரும் ஏற்றுக்கொண்டு ஆசீர் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் லூக்கா எழுதாமல் விட்ட அந்த இரவு அவருக்கு வந்தபோது நாம் யாரும் அந்தச் சத்திரத்தில் இல்லை. சங்கத்தின் பணம் போய்ச் சேர்ந்தது, கைகள் போகவில்லை. இதை நினைக்கும்போது இந்த நாட்டில் நான் சம்பாதித்த எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துணிகளை அலசி, இரவில் விழித்திருந்தவர்கள் இப்போதைய விடுதி மாணவர்கள் சிலர் என்று செயலாளர் சொல்கிறார். அவர்களுடைய பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் வருகிறது. நீங்கள் எந்த நாட்டில், எந்தப் பங்கில் இருந்தாலும் பிரதருக்காக ஒரு திருப்பலிக் கருத்துக் கொடுங்கள். பெயர்கள் வந்ததும் உங்களுக்கும் அனுப்புகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள்.