அகமதாபாத்தின் மேற்கு வெயில்

மேற்குப் பார்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். நாலு மணிக்கு மேல் எங்கள் முன்கூடத்தில் உட்கார முடியாது. அம்மா ஒரு சாக்குப் படுதாவை நனைத்து வாசலில் தொங்கவிடுவாள். அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் கட்டடங்களின் மேற்குப் பக்கத்தை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிடுவேன்.

அகமதாபாத்துக்குப் போனது ஏப்ரலில். 1411இல் அகமது ஷா நிறுவிய நகரம். 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரமும் இதுதான். காலையில் பழைய நகரத்தின் போள்களுக்குள் நடந்தேன். ஒரு வாசலுக்குள் அடங்கிய தெருக்கொத்துதான் போள். சந்துகள் அவ்வளவு குறுகல். எதிரெதிர் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. மாடத்தைத் தாங்கும் மரக்கட்டைகளில் பூவும் கிளியுமாய்ச் செதுக்கல். ஒரு வீட்டுப் பெரியவர் உள்ளே கூப்பிட்டு, முற்றத்துக் கல்மூடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் மழைநீர்த் தொட்டி. குனிந்ததும் முகத்தில் குளிர்ச்சி ஏறியது. மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

1424இல் கட்டிய ஜும்மா மசூதியின் 260 தூண்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆற்றைத் தாண்டி ஆசிரமச் சாலைக்குப் போனேன். மில் முதலாளிகள் சங்கக் கட்டடம் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. ஆத்மா ஹவுஸ் என்றதும் வண்டியைக் கிளப்பினார்.

சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே வடிவமைத்து 1954இல் முடிந்த கட்டடம் அது. சாலையைப் பார்த்தது மேற்கு முகம். ஆளுயரத்துக்கும் மேலான கான்கிரீட் பலகைகள் வரிசையாக, எல்லாம் சாய்வாகத் திரும்பி நிற்கின்றன. சாய்ந்துவரும் மாலை வெயில் அந்தப் பலகைகளில் மோதி நின்றுவிடும். பிரெஞ்சில் இதற்குப் பெயரே ‘வெயிலை உடைப்பது’ என்றுதான். பின்பக்கம், சபர்மதியைப் பார்த்த கிழக்கு முகத்தில், அதே பலகைகள் நேராக நிற்கின்றன. ஆற்றுக்காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது. எந்தத் திசைக்கு எது வேண்டுமோ அது. நீண்ட சாய்தளத்தில் ஏறி முதல் தளத்துக்குப் போகும்போது கான்கிரீட்டைத் தொட்டுப் பார்த்தேன். வார்ப்புக்கு அடித்த மரப்பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரு மரக்கணுகூட. இதைச் சிமென்ட் டப்பா என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் ஒரு தடவை அந்தக் கணுவின் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் சபர்மதி ஆசிரமத்தில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த காந்தி அருங்காட்சியகம். 1963இல் திறந்தது. 6 மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, ஓட்டுக்கூரை போட்டு, நடுவில் ஒரு நீர்த்தடாகம். ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது, மரச்சட்டங்கள்தான். தரையில் காலை மடக்கி உட்காரத் தோன்றுகிற கட்டடம். லூயி கான் வடிவமைத்த ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரியின் செங்கல் வளைவுகளுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அது எனக்கு வாய்க்கவில்லை.

சீதி சையது மசூதியை வேண்டுமென்றே மாலைக்கு வைத்திருந்தேன். 1573இல் கட்டி முடித்தது. அதன் மேற்குச் சுவரில்தான் அந்தப் புகழ்பெற்ற கல் ஜன்னல்கள் இருக்கின்றன. ஐஐஎம் தன் சின்னத்தை எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான். வெளியிலிருந்து பார்த்தால் அழகான செதுக்கல். உள்ளே போனால்தான் அது வேலை செய்வது தெரிகிறது. ஒரு மரம், அதன் கிளைகள் சுருண்டு சுருண்டு வளைவு முழுக்கப் பரவ, இடைவெளிகளில் மட்டும் வெயில் நுழைகிறது. எங்கள் வீட்டு முன்கூடத்தைச் சுட்ட அதே மேற்கு வெயில், இங்கே பொடிப்பொடியாக உதிர்ந்து தரையில் கிடந்தது. உள்ளங்கையை நீட்டினேன். ஒரு இலையின் நிழல் விழுந்தது, சூடே இல்லை.

நடுவளைவில் மட்டும் ஜன்னல் இல்லை, வெறும் கல் அடைப்பு. அதன் அருகே உட்கார்ந்து, தரையில் வெளிச்சப் புள்ளிகள் நீண்டு நீண்டு மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எழுந்து இடம் விட்டேன்.