ஒரு பேட்டரி மாற்ற நாலு மாதம்

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைத் திட்டம் வழியாக நோயாளிகளை டாக்டரிடம் பேச வைக்கும் நர்ஸ் நான். இந்தத் திட்டம் 2019 நவம்பரில் ஆரம்பித்தது, எங்களுக்குக் கணினி, கேமரா எல்லாம் அப்புறம்தான் வந்தது. பயிற்சியில் லாகின் பண்ணுவது, விவரம் ஏற்றுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்தால் யாரிடம் போவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

செத்தது. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் ஊர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், எங்கள் டியூப்லைட் கண் சிமிட்டும், அதுவரை யூபிஎஸ் தாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சர்க்கரை உள்ள பாட்டி ஒருவருக்குக் காலில் புண். "விரல் இடுக்கைக் காட்டுங்க" என்று டாக்டர் கேட்க, நான் கேமராவைக் கழற்றிக் குனிந்த நேரத்தில் எல்லாம் பொசுக்கென்று அணைந்தது. "டாக்டரு கோவிச்சுக்கிட்டாரா தாயி?" என்றார் பாட்டி.

பொருள் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன், வாரண்டி முடிந்துவிட்டதாம். சரி, மேலே எழுதினால், இருப்புப் பதிவேட்டில் கணினி, யூபிஎஸ், கேமரா எல்லாம் ஒரே வரியில் ஏறியிருக்கிறது, அதனால் பேட்டரியை மட்டும் தனியாகக் கழிக்க, அதாவது பழுதானது என்று பதிவேட்டிலிருந்து நீக்க, முடியாது, பழையதைக் கழிக்காமல் புதுசும் வாங்க முடியாது என்றார்கள். அந்த 12 வோல்ட் பேட்டரி என் டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு! அதற்காக நாலு மாதம் என் போனில், என் டேட்டாவில் நோயாளிகளைக் காட்டினேன். கடைசியில் வழி சொன்னது ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபார்மசிஸ்ட் அண்ணன்தான்: பதிவேட்டில் அந்த ஒரு வரியைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து எழுதி, மருத்துவ அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, பழையதைக் கழித்து, நிலையத்தின் சில்லறைத் தேவைகளுக்கென்று வரும் அன்டைடு ஃபண்டில் புதுசு வாங்கினோம்.

தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களுக்கு, அதாவது அங்கிருந்தே டாக்டரிடம் வீடியோவில் பேசும் சின்னக் கண் பரிசோதனை மையங்களுக்கு, 2000-களின் நடுவில் நெடுந்தூர வைஃபை போட்டவர்களையும் ரேடியோவைவிட மின்சாரம்தான் படுத்தியது என்று பிறகு படித்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இப்போது பேட்டரி மேலேயே மார்க்கரில் மாட்டிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். எப்படியும் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும் என்பதால் அடுத்ததற்கு இப்போதே கேட்டு எழுதியாயிற்று. டேட்டா கார்டு ரீசார்ஜ் எந்தக் கணக்கில் வரும் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை, இந்த மாதமும் என் கைக்காசுதான்.