வாலிநோக்கம் உப்பும் ராக்கெட்டும்

திட எரிபொருள் ராக்கெட்டில் எடையின் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளைத் தூள். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்தான் இருக்கிறது. கலவையில் அது ஏறக்குறைய 68 சதவீதம், அலுமினியத் தூள் 18, மீதி 14 எச்.டி.பி.பி. என்ற ரப்பர். அந்தத் தூளுக்கு மூலப்பொருள் சோடியம் குளோரைடு, அதாவது ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பாத்தியில் வாரிக் குவிக்கிறார்களே, அதே உப்பு.

1 டன் பெர்குளோரேட்டுக்கு வேதிக்கணக்குப்படி அரை டன் உப்பு வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திலிருந்து ஏறப்போகும் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று திட அடுக்குகளில் 87, 7.7, 4.5 டன், ஆக மொத்தம் சுமார் 99 டன் கலவை. அதற்கு 34 டன் உப்பு. மூன்று நான்கு லாரி லோடு!

ஆனால் வாரின உப்பை அப்படியே போட முடியாது. பாத்தித் தண்ணீர் 25 டிகிரி பாமேயைத் (உப்பு நீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) தொட்டதும் உப்பு இறங்கும். 29, 30 டிகிரி தாண்டியும் கசப்பு நீரை வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் உப்பு மணியில் ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை மழையில் ஜாடி உப்பு கசிந்து நீர் விடுவது அதனால்தான். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரேட் ஆக்கும் மின்பகுப்புத் தொட்டியிலோ அது எதிர்மின்வாயில் வெள்ளைப் படலமாகப் படிந்து மின்சாரத்தைத் தின்னும். அதனால் கரைசலிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதலில் பிரித்து வடிகட்டுவார்கள். பிறகுதான் குளோரேட், அதிலிருந்து பெர்குளோரேட். இரண்டாம் கட்டத்துக்கு விலை கூடிய பிளாட்டினத்துக்குப் பதிலாக, கிராஃபைட் மேல் லெட் டை ஆக்சைடு படியவைத்த மின்வாயை நம் பக்கத்துக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியில் உருவாக்கினார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. இஸ்ரோவின் பெர்குளோரேட் ஆலை இருப்பது கேரளத்தில், ஆலுவாவில்.

இதற்குப் பிறகு பெரிய எதிரி ஈரம். ஈரக்காற்று பட்டால் தூள் கட்டி தட்டும். அதைவிட மோசம், ரப்பரை இறுக வைக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். இட்லி மாவுபோல உள்ளே குமிழி. கலவையை வெற்றிடத்தில் வார்ப்பதும், காய்ந்தபின் எக்ஸ்ரே எடுப்பதும் இதற்காகத்தான். தீ ஒரு குமிழியை எட்டினால் எரியும் பரப்பு சட்டென்று கூடும், அழுத்தம் ஏறும், கலவையை அடைத்திருக்கும் கூடு வெடிக்கலாம். கலவை கூட்டின் உள்சுவரை விட்டுப் பிரிந்தாலும் இதே கதிதான்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பிலிருந்து வந்த குளோரின், ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுகிறது. 87 டன் முதல் அடுக்கில் கணக்குப்படி 18 டன் வரை. பெரும்பகுதி உயரத்தில் கலைந்துவிடும். ஏவுதளத்தில் பீய்ச்சும் தண்ணீரில் கலப்பது அமிலமாகிவிடும். 2024இல் ஒப்புதல் கிடைத்த அடுத்த தலைமுறை ராக்கெட்டின் முதல் அடுக்குக்குத் திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் என்பதால் அதில் குளோரின் இல்லை. ஆனால் திட எரிபொருள் ராக்கெட் ஏறும் வரை, ஏவுதளத்தின் அந்தத் தண்ணீரைத் தேக்கி, அமிலத்தைச் சமன்செய்து, அளந்து பார்த்த பிறகே வெளியே விட வேண்டும். 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வளர்கிற மன்னார் வளைகுடா இது.