உமிச் சாம்பலுக்கு ஒரு சோதனைக்கூடம்

2020-இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியதிலிருந்து, காவிரிப் படுகையில் இனிப் புதிய தொழில் எதுவும் வர வழியில்லை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு அகழ்வையும், செம்பு, துத்தநாக உருக்காலைகளையும், தோல் பதனிடுவதையும், அவற்றைப் போன்ற வேறு சிலவற்றையும்தான். அரிசி ஆலையின் சாம்பலைக் கொண்டு கட்டடக் கல் செய்வதை அது தடுக்கவில்லை. இந்த மண்ணை நெல்லுக்கு விட்டுவைத்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில்களில், பசுமைக் கட்டுமானப் பொருள்களுக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கு முதலில் தேவைப்படுவது தொழிற்சாலை அன்று, ஒரு சோதனைக்கூடம்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதாவது ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ, எந்தப் புழுங்கலரிசி ஆலையின் கொதிகலனுக்குப் பின்னால் போய் நின்றாலும் இந்தச் சாம்பல் மேடாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால், எரிந்த பின்னும் உமியின் உருவம் அப்படியே இருக்கும். விரலிடையில் தேய்த்தவுடன் மாவாகிவிடும். அந்த எலும்புக்கூட்டில் 85 முதல் 90 விழுக்காடு வரை சிலிக்கா, மணலில் உள்ள அதே பொருள். சுமார் 700 டிகிரிக்குள் எரிந்திருந்தால் அது படிகமாகாத சிலிக்காவாக இருக்கும். சிமென்ட் நீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு அது வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும். சூடு மிகுந்து எரிந்த சாம்பல் படிகமாகி வினைத்திறனை இழந்துவிடுகிறது. அதன் தூசு அள்ளுபவர்களின் நுரையீரலுக்கும் கேடு. சரியாக எரியாதது கரி மிகுந்து கறுப்பாக இருக்கும். கலவையில் அது தண்ணீரைக் குடித்துவிடும். ஒரே ஆலையில் காலையில் விழும் சாம்பலும் மாலையில் விழும் சாம்பலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே இதிலுள்ள முதன்மையான சிக்கல்.

என்னிடம் பேசிய ஓர் ஆலை உரிமையாளர், “சாம்பல நீங்க எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா வண்டி வாடகைய நான் குடுக்குறேன் தம்பி” என்றார். மூலப்பொருள் இப்படிக் கிடைக்கிறது. வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் மாநிலத்தில் 8 லட்சம் குடிசைகளுக்கு மாற்றாக 360 சதுர அடி வீடுகளைக் கட்டித்தர முனைகிறது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குடிசைகள் நிறைந்த கீழத்தஞ்சைப் பகுதிக்கு இது எவ்வளவு பெரிய சந்தை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு வீட்டுக்குத் தோராயமாக 7 டன் சிமென்ட் பிடிக்கும் என்று வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கைச் சாம்பலாக மாற்றினால் 700 கிலோ. ஏழெட்டு ஏக்கரில் ஒரு போகத்தில் விளையும் நெல்லின் சாம்பல் அதற்குப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடையில் வாங்கும் பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்டில் ஏற்கெனவே நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கிறது. அதில் நம் பங்குக்கு மேலும் உமிச் சாம்பலைக் கொட்டுவது தவறு. அப்படிச் சாம்பல் கலக்காத ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட்) சிமென்டில் கலவையை அளந்து போடக்கூடிய இடங்களான ஹாலோ பிளாக், சாலிட் பிளாக், பேவர் கல் பட்டறைகளே தொடக்கத்துக்கு ஏற்றவை. ஊருக்கு ஊர் இந்தப் பட்டறைகள் இருக்கின்றன. உமிச் சாம்பல் பஞ்சுபோல் இடம் அடைக்கும் பொருள் என்பதால், அதைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. ஆலைக்குப் பக்கத்திலேயே அரைவை இயந்திரம் போட்டு, தரம் பிரித்து, மூட்டையாக்கி, சுற்றியுள்ள பட்டறைகளுக்குக் கொடுப்பவருக்கே இதில் இலாபம் நிற்கும்.

கடற்கரைப் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றும் உவர் நிலத்தடி நீரும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவேறிய கம்பி உப்பி, கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. துளைகள் அடைபட்ட கான்கிரீட்டில், கம்பியை அரிக்கும் உப்பின் குளோரைடு மெதுவாகவே ஊடுருவும். ஏழைக் குடும்பத்துக்கு அரசு தரும் ஒரே வீடு இருபது ஆண்டுகளில் பெயர்ந்து விழுவதா, ஒரு தலைமுறை நிற்பதா என்பதை இந்த வேறுபாடு தீர்மானிக்கக்கூடும்.

வைக்கோலை அழுத்திச் சுவருக்குச் செய்யும் பலகையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பஞ்சாபைப் போல இங்கே வைக்கோலை வயலில் கொளுத்துவது வழக்கமில்லை. அது மாட்டுத் தீவனம், கட்டுக்கட்டாக வெளியூருக்கும் விலைக்குப் போகிறது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிச் சுவருக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறுவை அறுப்பில் மழையில் நனைந்து மாடு தீண்டாத வைக்கோலை வேண்டுமானால் முயலலாம். மண்கல்லைப் பொறுத்தவரை, வல்லம் பக்கத்துச் செம்மண்ணுக்குச் சிறிதளவு சிமென்ட் சேர்த்து அழுத்திய கல் பொருந்தும். ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் வண்டலுக்கு அது பொருந்தாது.

சோதனைக்கூடத்துக்கு வருகிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 : 2000, உரிய செயல்திறனும் ஒரேசீரான தன்மையும் இருந்தால், முடிவெடுக்கும் அதிகாரியின் ஒப்புதலோடு உமிச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்க்கலாம் என்கிறது. அந்த ஒப்புதலைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “சான்று இருக்கிறதா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமென்டுக்கு 2023-இல் ஐஎஸ் 18189 என்ற தரநிலை கிடைத்தது, சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் சோதனை முடிவுகளைத் திரட்டியதால்தான். நம் பகுதியில் திருச்சி என்ஐடி இருக்கிறது, தஞ்சையில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது, நெல் பதன ஆராய்ச்சியில் வேரூன்றிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. எரிப்பிழப்பு (சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியைக் காட்டும் அளவு), நுண்மை (எவ்வளவு பொடியாக அரைபட்டிருக்கிறது என்பது), வினைத்திறன் ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஆலைக்கும் வாரந்தோறும் அளந்து சான்று தரும் சிறு கூடத்தை இரண்டு மூன்று பொறியாளர்கள் சேர்ந்தே நடத்தலாம். ஆலைகளிடமும் பட்டறைகளிடமும் பெறும் கட்டணமே அதன் வருமானம்.

வலிமைக்கு 28 நாள் சோதனை போதும். உப்புநீரில் ஊறவைத்துக் கம்பியின் துருவை அளக்கும் சோதனைக்குக் குறைந்தது ஓராண்டாவது வேண்டும். வருகிற தாளடி அறுவடை நெல் ஆலைக்குப் போகும்போதே சாம்பல் மாதிரிகளை எடுத்து வார்த்து வைத்தால், அதற்கடுத்த ஆண்டு வீட்டுத் திட்ட வேலைகள் தொடங்கும் வேளையில் அதிகாரியின் மேசையில் வைக்க நம்மிடம் முடிவுகள் இருக்கும். ஆலைக்காரர்களிடம் நான் பேசிவிட்டேன். கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் எனக்கு எழுதலாம்.