'ரேடியோ' இதழில் தொடராக வந்த கம்ப்யூட்டர்: படித்தபடி எழுதிய குறிப்புகள்

மார்ச் 4

சோவியத் மாத இதழான 'ரேடியோ'வின் எண்பதுகளின் ஸ்கேன்களை ஒருவழியாக இறக்கி வைத்தாயிற்று. 1924-இல் வேறு பெயரில் தொடங்கிய பத்திரிகை இது. ஆம்ப்ளிஃபயர், ஆண்டெனா, டிவி ரிப்பேர், ஹாம் ரேடியோ என்று போய்க்கொண்டிருக்கும்போது, நடுவே ஒரு முழுக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டும் முறை தொடர்கதை மாதிரி மாதாமாதம் வருகிறது. ரஷ்ய மொழியில் கம்ப்யூட்டர் பத்திரிகை எப்போது தொடங்கியது என்று கேட்டால் பலரும் 1988-இல் அமெரிக்கக் கூட்டுறவோடு வந்த 'மீர் பேகா'வைச் சொல்வார்கள். என் கட்சி வேறு. பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அந்த இடம் 'ரேடியோ'வுக்குத்தான்.

மார்ச் 6

'மிக்ரோ-80' பக்கங்கள். ஸெலென்கோ, பனோவ், பபோவ் என்று மூன்று பேர், மாஸ்கோ மின்னணுப் பொறியியல் கல்வி நிறுவனத்துக்காரர்கள். இன்டெல் 8080 என்ற அமெரிக்கச் செயலியின் சோவியத் நகலை வைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டு, தொழிற்சாலையில் தயாரிக்கலாமே என்று மேலிடத்தை அணுகினார்கள். ரேடியோத் தொழில் துணை அமைச்சர் சொன்ன பதிலைப் பபோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: பர்சனல் கார் இருக்கலாம், பர்சனல் பென்ஷன் இருக்கலாம், பர்சனல் பங்களா இருக்கலாம், பர்சனல் கம்ப்யூட்டர் இருக்க முடியாது. கம்ப்யூட்டர் என்றால் 100 சதுர மீட்டர் இடம், 25 ஊழியர்கள், மாதம் 30 லிட்டர் ஸ்பிரிட்! (ஸ்பிரிட் கருவிகளைத் துடைப்பதற்கு. கணக்கில் அப்படித்தான் இருக்கும்.)

அமைச்சகம் கைவிரித்ததும் பத்திரிகைக்கு வந்தார்கள். 1982-இல் தொடங்கி 1985 வரை கட்டுரைகள் வந்தன. ஆனால் இதற்கு 200 ஐசி (சில்லு) வேண்டும். கடையில் கிடைக்காத சாமான்கள், சர்க்யூட்டைச் சோதிக்க வாசகனிடம் அலைக்காட்டியும் இருக்காது. இதைக் கட்டி முடித்தவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 9

இன்று 1986. 'ரேடியோ-86ஆர்கே'. 200 ஐசி 29 ஆகிவிட்டது!

எப்படி என்று சர்க்யூட்டில் விரல் வைத்துத் தேடினேன். திரையில் எழுத்துகளைக் காட்ட இன்டெல் 8275 ஐசியின் நகல், அதற்கு நினைவகத்திலிருந்து எழுத்துகளை அள்ளிக் கொடுக்க 8257-இன் நகல். டைனமிக் ராம் வகை நினைவகம் என்றால் அடிக்கடி வாசித்துத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருப்பது அழிந்துவிடும். வழக்கமாக அதற்கென்று தனியாக ஒரு சர்க்யூட் போடுவார்கள். இவர்கள் போடவில்லை. திரைக்காக ஓயாமல் நடக்கும் வாசிப்பே ராமையும் உயிரோடு வைத்துக்கொள்கிறது. ஒரே வேலையில் இரண்டு காரியம். கணக்குப் பார்த்துச் சமைத்த கை தெரிகிறது.

ராம் 16 அல்லது 32 கிலோபைட், மானிட்டர் நிரலுக்கு (திரை அல்ல, கட்டளைகளைக் கேட்டு நடத்தும் சிறு அடிப்படை நிரல்) 2 கிலோபைட் ரோம், அதாவது அழியாத நினைவகம். திரைக்கு வீட்டு டிவி, சேமிக்க டேப் ரெக்கார்டர்.

மார்ச் 10

ஆனால் அந்தத் திரை ஐசிதான் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்த பிறகும் அது ஒன்றுக்காகக் காத்திருந்த போர்டுகள் ஏராளம்.

மார்ச் 15

எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் நிரல்) உட்கார்ந்து பத்திரிகைப் பக்கத்திலிருந்து ஒரு நிரலை அடித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஹெக்ஸ் எண்கள்தான், 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப். இடது ஓரத்தில் முகவரி, பிறகு வரிக்குப் பதினாறு பைட். எம் என்று அடித்து முகவரி கொடுத்தால் மானிட்டர் ஒவ்வொரு பைட்டாகக் கேட்கும். பி, டி, 8 மூன்றும் ஸ்கேனில் ஒரே முகம்.

அட்டவணைக்குக் கீழே ஒவ்வொரு 256 பைட்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை அச்சிட்டிருக்கிறார்கள். இது இல்லாமல் அந்தக் காலத்தில் ஒருவனும் தேறியிருக்க மாட்டான். தொகை பொருந்தவில்லையா, தப்பு அந்த 256-க்குள்தான், தேடிக்கொள். பொருந்திவிட்டால் மட்டும் நிம்மதியா? அதுவும் இல்லை. வெறும் கூட்டல்தானே, பக்கத்துப் பக்கத்து பைட்டுகள் இரண்டு இடம் மாறியிருந்தால் தொகை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், நிரல் மட்டும் ஓடாது. அச்சுக்கோப்பவர் ஒரு எழுத்தில் சறுக்கினாலும் நாடு முழுக்க அதே இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற இதழ் என்பதை மறக்கக் கூடாது. இன்றைக்கு சாஃப்ட்வேர் வெளியிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியாது.

மார்ச் 22

தொழிற்சாலைகளும் பிறகு இறங்கி வந்தன. 'மிக்ரோஷா', 'அபகேய்', 'பார்ட்னர்' எல்லாம் ஆர்கேயின் வாரிசுகள். சின்னச் சின்ன மாற்றம் செய்து ஒன்றின் நிரல் மற்றொன்றில் நேராக ஓடாமல் செய்துவிட்டார்கள். இதில் யாருக்கு லாபம் என்று புரியவில்லை.

1990-இல் 'ரேடியோ' வெளியிட்ட 'ஓரியான்-128' அந்தத் திரை ஐசியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. எளிதில் கிடைக்கும் ஐசிகளை வைத்தே வண்ணத் திரை. நல்ல வடிவமைப்பு, ஆனால் காலம் கடந்துவிட்டது. அதற்குள் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற இங்கிலாந்து வீட்டுக் கம்ப்யூட்டரின் நகல் வரைபடங்கள் எந்தப் பத்திரிகையின் தயவும் இல்லாமல் கை மாறிக்கொண்டிருந்தன. கூடவே கேசட்டில் இங்கிலாந்து விளையாட்டுகள், அடிக்க வேண்டிய வேலையே இல்லை. 'மீர் பேகா' படிப்பவர்களுக்கோ ஐபிஎம் பிசி பேச்சு.

ஓரியானின் சர்க்யூட்டை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதுதான்.